எச்.ஐ.வி.: மணிக் கணக்கும் நாள் கணக்கும்

எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பது பலருக்கும் பாடமாகத் தெரியும். ஆனால் ஆணுறை கிழிந்த இரவில் அடுத்து என்ன செய்வது, எந்த நாளில் ரத்தம் கொடுத்தால் முடிவை நம்பலாம், மாத்திரை ஒரு வேளை தவறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் தடுமாறிவிடுவார்கள். மருந்து எளிதாகக் கிடைக்கிற இடங்களிலும் இந்த நோய் உயிரை வாங்குகிறதென்றால், பெரும்பாலும் அதற்குத் தாமதம்தான் காரணம். தாமதமாகத் தெரிந்துகொள்வது, தெரிந்த பின் தள்ளிப்போடுவது, தொடங்கிய பின் நடுவில் விடுவது. ஆகவே இந்தப் பதிவு முழுக்கக் கடிகாரத்தையும் நாட்காட்டியையும் கையில் வைத்துக்கொண்டுதான் போகும்.

பரவும் வழிகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ரத்தம், விந்து, விந்துக்கு முன் வரும் திரவம், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் இவற்றில்தான் தொற்றுகிற அளவுக்கு வைரஸ் இருக்கும். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் வழியாகப் பரவாது. கொசு பற்றிய சந்தேகம் இன்னும் ஓயவில்லை. கொசு கடிக்கும்போது நமக்குள் விடுவது தன் உமிழ்நீரைத்தானே தவிர, முன்பு குடித்தவரின் ரத்தத்தை அல்ல. வைரஸ் கொசுவின் உடலுக்குள் பெருகுவதும் இல்லை. ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, ஒரே படுக்கை, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல் எதிலும் பயமில்லை.

முதல் 72 மணி நேரம்

பாதுகாப்பில்லாத உறவு, ஆணுறை கிழிந்தது, பாலியல் வன்முறை, பயன்படுத்திய ஊசி குத்தியது என எதுவாக இருந்தாலும், தொற்றைத் தடுக்கும் மருந்துக்கு 72 மணி நேரம்தான் கெடு. இதை 'பெப்' என்பார்கள். 72 மணி நேரம் இருக்கிறதே என்று மூன்றாம் நாள்வரை ஆறப்போடுவது பெரிய தவறு. வைரஸ் உடலுக்குள் நுழைந்து நிணநீர்க் கணுக்களில் நிலைகொள்வதற்குள் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். எனவே முதல் வேளை எத்தனை சீக்கிரம் உள்ளே போகிறதோ அத்தனை நல்லது. முடிந்தால் சில மணி நேரத்துக்குள்.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, எதிர் நபரின் ரத்த முடிவு வரட்டும் என்று காத்திருப்பது. காத்திருக்கவே வேண்டாம். முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு விசாரிக்கலாம்; அவருக்குத் தொற்று இல்லை என்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளலாம். தொடங்கும்போது உங்களுக்கும் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகிய பரிசோதனைகள் செய்வார்கள். ஏற்கனவே தொற்று இருப்பவருக்கு 28 நாள் மருந்து கொடுத்து நிறுத்தினால் கெடுதல்தான் வரும் என்பதால் இந்த முதல் பரிசோதனை முக்கியம்.

மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி குத்தியதும் இடத்தைப் பிதுக்காதீர்கள், ப்ளீச்சோ ஸ்பிரிட்டோ ஊற்றித் தேய்க்காதீர்கள். திசு புண்ணாகுமே தவிரப் பயனில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் அதோடே முதலில் கழுவி, பிறகு எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். 'பெப்' எடுக்காத நிலையில், எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தித் தொற்றும் வாய்ப்பு 1000-க்குச் சுமார் 3. பயந்து உறைந்துபோகிற அளவுக்குப் பெரிய எண் இல்லை, அலட்சியப்படுத்தும் அளவுக்குச் சின்னதும் இல்லை.

மொத்தம் 28 நாள். பத்தாம் நாளில் குமட்டல் வந்து நிறுத்திவிடுபவர்கள் நிறைய. நிறுத்துவதற்கு முன் மருந்து கொடுத்தவரிடம் ஒரு சொல் சொன்னால், சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்வார், அல்லது குமட்டலுக்குத் தனி மாத்திரை தருவார். அந்த 28 நாளும், இறுதிப் பரிசோதனை முடியும்வரையிலும் ஆணுறை கட்டாயம். ரத்த தானம் கூடாது.

பரிசோதனை: எந்த நாளில் எது

சம்பவம் நடந்து மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்று நிம்மதியாகப் போவது சுத்த வீண். அந்த முடிவு மூன்று நாளுக்கு முந்தைய நிலவரத்தைக்கூடச் சொல்வதில்லை. அதற்கும் பல வாரங்களுக்கு முந்தையதைத்தான் சொல்கிறது. தொற்று ஏறியும் பரிசோதனையில் பிடிபடாத இந்த இடைவெளி, பரிசோதனைக்குப் பரிசோதனை மாறும்.

வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' பரிசோதனை 10 முதல் 33 நாளில் காட்டும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை (வைரஸின் பி24 புரதம், வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்பொருள் இரண்டையும் தேடுவது) 18 முதல் 45 நாளில் காட்டும். விரலில் குத்திச் செய்யும் எதிர்பொருள் பரிசோதனைக்கும், வீட்டில் தானே செய்துகொள்ளும் பெரும்பாலான பெட்டிகளுக்கும் 23 முதல் 90 நாள் ஆகும். எந்த வகைப் பரிசோதனை என்று கேட்காமல் "ஒரு மாதம் ஆகிவிட்டது, நெகட்டிவ், முடிந்தது" என்று முடிவுகட்டக் கூடாது. 90 நாள் கடந்து ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தப் பரிசோதனைக்கும் பொருந்தும். 'பெப்' எடுத்தவர்களுக்கு மருந்து எதிர்பொருள் உருவாவதைத் தாமதப்படுத்தக்கூடும். ஆகவே மருந்து முடித்த பிறகு, சொல்லப்பட்ட தேதிகளில் மறுபடி போக வேண்டும்.

இந்த இடைவெளியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொற்று ஏறிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸின் அளவு உச்சத்தில் இருக்கும். மற்றவருக்குப் பரவும் வாய்ப்பும் அப்போதுதான் மிக அதிகம். அதே நாட்களில் விரல் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று காட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் வரும். பலருக்கு ஒன்றுமே வராது. அறிகுறியை வைத்து 'இருக்கிறது', 'இல்லை' என்று எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. இணையத்தில் அறிகுறிப் பட்டியல்களைத் தேடித் தேடித் தூக்கம் கெடுப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வீட்டில் விரல் பரிசோதனை செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள் சில. கையை வெந்நீரில் கழுவி, கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டால் ரத்தம் நன்றாக வரும். நடுவிரல் அல்லது மோதிரவிரலின் நுனியில், நட்ட நடுவே குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது முழுக்கக் காயும்வரை காத்திருங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்து மாதிரியைக் கெடுக்கும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுங்கள். விரலைப் போட்டு இறுக்கிப் பிழிந்தால் திசுநீர் சேர்ந்து ரத்தம் நீர்த்துவிடும். கொடுத்திருக்கும் திரவத்தை எத்தனை சொட்டு என்று தாளில் போட்டிருக்கிறதோ அத்தனை மட்டும் விட்டு, சொன்ன நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அந்த நேரத்துக்கு முன்பு பார்ப்பதும் தப்பு, ரொம்பக் கழித்துப் பார்ப்பதும் தப்பு; காய்ந்துபோன பட்டையில் பொய்க்கோடு தெரியும். 'சி' என்ற இடத்தில் கோடு வரவில்லை என்றால் 'டி' இடத்தில் என்ன தெரிந்தாலும் அந்தப் பரிசோதனை செல்லாது. இரண்டு கோடும் வந்து, 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது 'பாசிட்டிவ்' பக்கம்தான்.

ஆனால் அந்த ஒரு கோடு நோய் உறுதி ஆகாது. 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது, வெவ்வேறு வகைப்பட்ட மூன்று பரிசோதனைகள் அடுத்தடுத்துப் 'பாசிட்டிவ்' என்று வந்த பிறகே ஒருவருக்குத் தொற்று உள்ளதாகச் சொல்ல வேண்டும் என்பதை. முதல் கோட்டைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுத்துவிடக் கூடாது.

இன்னொன்று. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் "இப்போது இருக்கிறதா பார்ப்போம்" என்று வீட்டுப் பரிசோதனைப் பெட்டி வாங்கிச் செய்யவே கூடாது. மருந்தால் வைரஸ் அடங்கியிருக்கும்போது எதிர்பொருள் குறைந்து, பொய்யாக 'நெகட்டிவ்' காட்டக்கூடும். அதை நம்பி மருந்தை நிறுத்தினால் சில வாரத்தில் வைரஸ் பழையபடி கிளம்பிவிடும்.

தெரிந்த முதல் வாரம்

ஒரு காலத்தில் சி.டி.4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் கணக்கு) குறையும்வரை காத்திருந்து மருந்து தொடங்கினார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றியது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், தொற்று உறுதியானதும் பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து தொடங்க வேண்டும். முடிந்தால் அன்றே, இல்லையென்றால் 7 நாளுக்குள். சி.டி.4, வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு), ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கல்லீரல், மஞ்சள்காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். அவற்றின் முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தள்ளிப்போட வேண்டிய இடமும் உண்டு, அது தெரியாமல்தான் விபரீதம் வருகிறது. விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, பார்வை மங்கல், பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருந்து தொடங்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். மூளையுறையில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருந்தால் அதற்கு முதலில் சிகிச்சை தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்தே கூட்டு மருந்து. மூளையுறைக் காசநோய் என்றாலும் 4 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். நுரையீரல் காசநோய்க்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை: காசநோய் மருந்து முதலில், அது தொடங்கி 2 வாரத்துக்குள் கூட்டு மருந்து. இருமல், காய்ச்சல், இரவில் வியர்த்துக்கொட்டுதல், எடை குறைதல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான்.

ஏன் இந்தத் தாமதம்? சி.டி.4 மிகக் குறைந்திருக்கும்போது உடலில் கிருமி இருந்தும் எதிர்ப்பு எழாது. கூட்டு மருந்து தொடங்கி எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதும், அதுவரை கண்டுகொள்ளாத கிருமிகள்மேல் ஒரேயடியாகப் பாயும். காய்ச்சல், நெறிகட்டிகள், இருமல் கூடும். மூளைக்குள் அது நடந்தால் ஆபத்து. மற்ற இடங்களில் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முதல் மூன்று மாதத்தில் இப்படி வந்தால் "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாமாக நிறுத்துபவர்கள் பலர். மருந்து வேலை செய்வதன் விளைவு அது. நிறுத்தாமல் உடனே போய்க் காட்ட வேண்டும்.

சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, பல இடங்களில் 350-க்குக் கீழே இருப்பவர்களுக்கும், கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை தினமும் தருவார்கள். ஒருவகை நிமோனியா, மூளையைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா முதலியவற்றை அது தடுக்கும். "இது வெறும் சாதாரண ஆன்டிபயாட்டிக்தானே" என்று விட்டுவிடாதீர்கள். முதல் சில மாதங்களில் உயிரைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

தினமும் ஒரு மாத்திரை

இன்று பெரும்பாலானவர்களுக்குத் தரப்படுவது டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளுக்கு ஒன்று. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். கேட்க எளிது. சிக்கல் வருவது பக்கத்தில் போடும் மற்ற மாத்திரைகளால்.

வயிற்றெரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துகள் குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. எச்.ஐ.வி. மாத்திரையை அதற்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே கணக்கு. ஆனால் உணவோடு போட்டால் இரண்டையும் சேர்த்தே போடலாம். துத்தநாகம் முதலிய தாதுக்கள் கலந்த சத்து மாத்திரையும் இதே கணக்கில் வரும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பவை என்பதால் இவற்றை யாரும் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. ஒழுங்காக மாத்திரை போட்டும் வைரஸ் அடங்காதவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் கூட்டு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனி மாத்திரை இன்னொன்று போட வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இன்னும் 2 வாரத்துக்கு அது தொடரும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், நாளொன்றுக்கு 1000 மி.கி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயின் எடுப்பவர்கள் முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும்.

டோலுடெக்ராவிரால் சிலருக்குத் தூக்கம் கெடும். காலையில் போடும்படி மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். எடை கூடலாம். கிரியாட்டினின் முதல் வாரங்களில் கொஞ்சம் ஏறும். சிறுநீரகம் அதை வெளியேற்றும் பாதையை மருந்து சற்று அடைப்பதால் வருவது அது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஆனால் டெனோஃபோவிர் உண்மையிலேயே சிறுநீரகத்தைத் தொடக்கூடிய மருந்து என்பதால், எண் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லை என்றால் மட்டும் தவறியதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குப் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடலாம்.

மறதி என்று சொல்லப்படுவதில் பாதி மறதியே அல்ல. வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்ற பயம். 30 மாத்திரைப் புட்டியைப் பையில் வைத்து நடந்தால் சலசலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வெளியூர் போகும்போது மருந்தையே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புட்டியின் வாயில் சுத்தமான பஞ்சை அடைத்தால் சத்தம் வராது. முழுப் புட்டியையும் வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் சிறிய பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது, அதை எறியவும் கூடாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கிழமை போட்ட மாத்திரைப் பெட்டியில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். கைப்பையில் எப்போதும் இரண்டு மாத்திரை உபரியாக இருக்கட்டும். புட்டி காலியான பிறகு அடுத்ததற்குப் போகாதீர்கள். பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே போங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு 3 அல்லது 6 மாத மருந்தை மொத்தமாகத் தர முடியும், கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள்காமாலை பி-யும் சேர்ந்து இருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்குபவை. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் பி பரிசோதனையின் முடிவு என்ன என்று தெரிந்து வைத்திருங்கள்.

வைரல் லோட்

சி.டி.4 எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு 'போன முறை 520, இந்த முறை 470' என்று கவலைப்படுபவர்கள் ஏராளம். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும்கூட அது மாறும். மருந்து வேலை செய்கிறதா என்று சொல்வது வைரல் லோட்தான். மருந்து தொடங்கி 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதி என்பது கணக்கு. 50-க்குக் கீழே என்றால் பொதுவாகக் கண்டறிய முடியாத அளவு. ஒருமுறை மட்டும் கொஞ்சம் ஏறி மறுமுறை இறங்கினால் பயமில்லை. 1000-ஐத் தாண்டினால் மருந்து எடுக்கும் விதத்தை ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி, 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்தப் பேச்சில் பொய் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான்: "எல்லாம் ஒழுங்காகப் போட்டேன்" என்றால், மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டது என்று நினைத்து, தேவையில்லாமல் அடுத்த வரிசை மருந்துக்கு மாற்றிவிடக்கூடும்.

கண்டறிய முடியாத அளவில் வைரல் லோட் நீடிக்கும்போது உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது. ஆறுதலுக்காகச் சொல்வதில்லை இது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்த 'பார்ட்னர்' ஆய்வின் முடிவுகள் 2016-லும் 2019-லும் வந்தன. முதல் கட்டத்தில் சுமார் 58,000 முறை, ஆண் ஜோடிகளைக் கவனித்த இரண்டாம் கட்டத்தில் 76,000 முறைக்கு மேல் ஆணுறை இல்லாத உறவு. துணையிடமிருந்து துணைக்குப் பரவியது ஒன்றுகூட இல்லை. மற்ற பால்வினை நோய்களுக்கு இது பொருந்தாது. ஊசியைப் பகிர்வதற்கும் பொருந்தாது. தாய்ப்பாலில் ஆபத்து மிக மிகக் குறையும், ஆனால் பூஜ்ஜியம் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் 'குணமாக்குகிறோம்' என்பவர்கள் நுழைகிறார்கள். கூட்டு மருந்தால் வைரல் லோட் இறங்கியிருக்கும் சமயம் பார்த்துத் தங்கள் பொடியைக் கொடுத்து, ஆய்வக முடிவைக் காட்டி, "பாருங்கள், போய்விட்டது" என்பார்கள். வைரஸ் தன் மரபணுவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவுச் செல்களுக்குள் கோத்துவிட்டு உறங்கிக் கிடக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் திரும்பிவிடும். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் குணமானது ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றும்போது, பெரும்பாலும் தொற்றுக்கு இடங்கொடாத மரபணு மாற்றம் கொண்ட கொடையாளி கிடைத்ததால். அந்தச் சிகிச்சையே உயிரைப் பறிக்கக்கூடியது. மருந்தால் நன்றாக இருப்பவருக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள்.

தாயும் குழந்தையும்

எந்தச் சிகிச்சையும் இல்லையென்றால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் கர்ப்பக் காலம் முழுக்க மருந்து எடுத்து, குழந்தைக்கும் பிறந்ததிலிருந்து குறைந்தது 6 வாரம் தடுப்பு மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். வைரல் லோட் அடங்கியிருந்தால் இன்னும் கீழே. குழந்தைக்கு 4 முதல் 6 வாரத்தில் குதிகாலில் குத்திச் சில சொட்டு ரத்தத்தை அட்டையில் எடுத்து, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 18 மாதம் ஆகாத குழந்தைக்குச் சாதாரண எதிர்பொருள் பரிசோதனை செய்து 'பாசிட்டிவ்' என்று பதறுவது அடிக்கடி நடக்கிறது. அது தாயின் எதிர்பொருளாகவே இருக்கக்கூடும். இறுதி முடிவு 18 மாதத்திலோ, தாய்ப்பால் நிறுத்தி 3 மாதம் கழித்தோ, எது பிந்தியதோ அப்போதுதான்.

பால் கொடுப்பதில் மிக மோசமான வழி கலப்பு உணவு. முதல் 6 மாதம் தாய்ப்பால் என்றால் தாய்ப்பால் மட்டும். இடையிடையே வேறு பாலோ திட உணவோ கொடுத்தால் குழந்தையின் குடல் சுவர் புண்ணாகி வைரஸுக்கு வழி திறந்துவிடும்.

கூட இருப்பவர்கள் செய்யக்கூடியது

ஒருவர் தனக்குத் தொற்று இருப்பதாக உங்களிடம் சொன்னால், முதல் கேள்வி "எப்படி வந்தது?" என்று இருக்கக் கூடாது. அந்தக் கேள்வியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. "மருந்து தொடங்கியாகிவிட்டதா? அடுத்து என்றைக்குப் போக வேண்டும்? கூட வரட்டுமா?" இந்த மூன்றும் போதும். சொன்னதை அவர் அனுமதியில்லாமல் வீட்டிலிருப்பவரிடம்கூடச் சொல்லாதீர்கள். வெளியே போன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. முதல் சில மாதங்களில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருவது அரிதல்ல. அப்படிப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேளுங்கள், அன்றே ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.

துணையிடம் சொல்வது தள்ளிப்போடக் கூடாத காரியம், ஏனென்றால் அவரும் பரிசோதிக்க வேண்டும். ஆனால் அடி உதை விழும் என்ற பயம் இருந்தால் தனியாகச் சொல்லத் துணியாதீர்கள்; ஆலோசகர் முன்னிலையில் சொல்ல ஏற்பாடு செய்யலாம். துணைக்குத் தொற்று இல்லையென்றால், நோயுள்ளவரின் வைரஸ் அடங்கும்வரை அவர் தடுப்பு மருந்து எடுக்கலாம். தினசரி மாத்திரை உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி கேபோடெக்ராவிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எதைத் தொடங்கும் முன்னும் தொற்று இல்லை என்று பரிசோதித்தே தொடங்க வேண்டும். ஆணுறையோடு எண்ணெய், வாசலின் பயன்படுத்தினால் லேட்டக்ஸ் நைந்து கிழியும். தண்ணீரில் கரையும் வழுவழுப்பு ஜெல்தான் சரி.

வீட்டில் பராமரிப்பவருக்குக் கையுறை தேவைப்படுவது ரத்தத்தைத் தொடும்போது மட்டும். சாப்பாடு ஊட்ட, குளிப்பாட்ட, உடை மாற்றக் கையுறை போடுவது அவரை ஒதுக்கிவைப்பதற்குச் சமம். தரையில் ரத்தம் சிந்தினால் முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, 5 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். கலந்த கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். ரேசரும் பல் துலக்கும் பிரஷும் ஆளுக்கு ஒன்று என்பது எல்லோருக்கும் பொருந்துகிற விதிதான்.

நடுவில் மருந்தை விட்டவர்கள் திரும்பிப் போகத் தயங்குவது திட்டு விழும் என்ற பயத்தால். இங்கே மருத்துவமனை ஊழியர்கள்மேல்தான் எனக்குக் கோபம். முகம் சுளித்து அனுப்பப்பட்டவர் அடுத்த முறை வருவது நோய் முற்றிய பிறகுதான். விட்டவர் என்றைக்கு விட்டார், எத்தனை நாள் இடைவெளி என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் அதே மருந்தையே மறுபடி தொடங்குவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் சி.டி.4 மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தலைவலியோ இருமலோ இரவு வியர்வையோ இருந்தால், மாத்திரைப் புட்டியைக் கையில் வாங்குவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.